டைட்டேனியம் சைலன்சரும் ஏழாம் நம்பர் மலையும்

மாரியம்மன் துணை

மேற்கணக்கு லயம்,
கொட்டகலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரேமினிக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே மழை ஒன்றுதான் அளவு தெரியாமல் இருக்கிறது, மற்றபடி நானும் அப்பாவும் தம்பியும் சுகம். நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும், நீ வேலை செய்கிற இல்லத்தில் இருக்கிற வயசான ஜப்பான்காரர்கள் உன்னைக் கோபிக்காமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசியதுண்டா? நான் வாயைத் திறந்தவுடன் உன் தம்பி மதுரன் தலையை நீட்டிவிடுகிறான், அவன் என்ன சொல்கிறான் என்று அப்பா கேட்கிறார், அப்பாவுக்கு நான் கத்திச் சொல்வதைக் கேட்டு லயத்து வரிசை வீடு முழுக்கப் பதில் சொல்கிறது. ஹட்டனில் வாகனச் சாமான் கடை வைத்திருக்கிற முனாப் நானாவின் மகன் றுமைஸ், கடைக்குச் சாமான் எடுக்க ஜப்பான் வருகிறானாம். அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே மிளகாய்த் தூளும் கருவாடும் இருக்கிறது. கருவாட்டைப் பெட்டியில் வைக்கமாட்டேன் என்று முதலில் பிகு பண்ணினான், அவன் உம்மா ரம்லா அதட்டியதும் வைத்துக்கொண்டான்.

விஷயம் உன் தம்பியின் சைலன்சர்தான். அவன் அனுப்பிய இரண்டு டைட்டேனியம் சைலன்சர் படங்களில் எதை வாங்கி றுமைஸிடம் கொடுத்துவிடுவது என்று நீ என்னைக் கேட்டாய். தேயிலைத் தூளில் எது நல்லது என்று கேட்டிருந்தால் கையில் எடுத்துப் பார்த்தவுடன் சொல்லியிருப்பேன், இதற்கு நான் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. வாத்தியார் உன் தம்பியேதான். அவன் வாங்கியிருக்கிற அந்தச் சிவப்புக் கார் தூரத்தில் இருந்து பார்த்தால் தீப்பெட்டி, ஆனால் அதற்குள் டர்போ இருப்பதால் அதைச் சின்னக் கார் என்று சொல்லக்கூடாதாம், பெர்ஃபோமன்ஸ் கார் என்று சொல்லவேண்டுமாம். டைட்டேனியம் இரும்பில் பாதி எடையாம், துருப் பிடிக்காதாம், சூடேறினால் நுனி நீலமும் ஊதாவுமாக மாறுமாம். எடை குறைந்தால் கார் பறக்கும் என்றான். சொன்ன அன்றைக்கே அதில் உருளைக்கிழங்கு மூட்டையும் அப்பாவும் அவனுடைய கூட்டாளிகளும் ஏறி, ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளி வந்தார்கள். குழாயில் குறைக்கிற எடையை வயிற்றில் குறைக்கலாமே என்றேன். அம்மாவுக்கு டெக்னிக்கல் தெரியாது என்று முடித்துவிட்டான். நம் தோட்டத்து ரோட்டில் மூன்றாவது கியர் போட்டவர் முன்பு தோட்டத்தை நடத்திய துரை ஒருத்தர்தான், அவரும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள்தான் இறங்கினார்.

இப்போது பொழுது சாய்ந்தால் வீட்டில் செய்தியும் இல்லை நாடகமும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்காதவன், போனுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து ஒவ்வொரு சைலன்சராகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உன் அப்பாவுக்கு அதில் பரம சந்தோஷம். பாக்டரியில் கொழுந்து அரைக்கிற மெசினுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவருக்கு நான் கூப்பிட்டால் கேட்காது, இந்தச் சத்தம் மட்டும் கேட்கிறதாம். வீட்டில் மரியாதையாகச் சத்தமாகப் பேசுகிற ஒரே ஆள் மகனுடைய போன்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். றுமைஸிடம் நான் தனியாக விசாரித்தேன். சைலன்சர் என்பது சத்தத்தை அடக்கத்தான் கண்டுபிடித்த சாமான் என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த இரண்டு படத்தில் ஒன்று உள்ளே ஒன்றுமே இல்லாத வெறுங்குழாயாம். மற்றது உள்ளே பஞ்சு மாதிரி அடைத்து, வாயில் கழற்றி மாட்டுகிற மூடி வைத்ததாம். வெறுங்குழாயை வாங்கினாலும் தனியாக ஒரு மூடி வாங்கிப் போட்டுத்தான் ஓட்டுவேன் என்று மதுரன் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். சாராயப் போத்தலுக்கும்தான் மூடி இருக்கிறது, அதனால் உன் சித்தப்பா குடிக்காமல் இருந்தாரா?

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிமேல் சொல்வதைக் கவனமாக வாசி, இதை நாங்கள் போனில் உன்னிடம் மறைத்துவிட்டோம். டைட்டேனியம் வருகிற வரைக்கும் சத்தத்துக்குப் பழகவேண்டும் என்று, ஹட்டனில் இருக்கிற அவன் கூட்டாளி லோஜனின் உடைந்த காரில் இருந்து ஒரு பழைய இரும்புச் சைலன்சரைக் கழற்றி வந்து பூட்டினான். முதல் நாள் அதை முடுக்கிக்கொண்டு நம் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே இருக்கிற வளைவில் வந்திருக்கிறான். நாங்கள் எல்லாரும் மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கார் கண்ணில் படவில்லை, ஙொய்யென்று ஒரு இரைச்சல் மட்டும் மலையைச் சுற்றி ஏறியது. குளவிடியோவ் என்று என் பக்கத்தில் நின்ற வேலாயி ஒரே கத்து. பிறகு கேட்கவேண்டுமா, கூடைகள் ஒரு பக்கம் உருள, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துண்டை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு அத்தனை பேரும் செடிக்கு அடியில் குப்புற விழுந்தோம். தைரியமாக இருங்கள் என்று தினமும் எங்களுக்குப் புத்தி சொல்கிற கங்காணிதான் முதலில் விழுந்தவர். நான் விழப் பார்த்த செடியடியையும் அவரே பிடித்துக்கொண்டார். அந்தச் சமயம் உன் தம்பி கறுப்புக் கண்ணாடி போட்டு, கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனானாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஏம்மா இன்னைக்கு மலையில ஒருத்தருமே இல்ல, லீவு விட்டுட்டாங்களா என்று என்னையே கேட்டான். நான் தலையில் இருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்ததால் எல்லாருக்கும் அரை நாள் பேர்தான், அரைச் சம்பளம்தான் போட்டார்கள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா குதித்தார், சங்கத் தலைவர் கோயிலடியில் ஆட்களைக் கூட்டினார், மதுரன் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டான். பெரிய யோசனை எல்லாம் நடந்து கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. வளைவுக்கு முன்னால் அவன் ஹோர்ன் அடிக்கவேண்டும், ஹோர்ன் கேட்டால் அது மதுரன், கேட்காவிட்டால் குளவி. சைலன்சரைக் கழற்று என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை. அவனும் ஒழுங்காக அடித்தான். நாள் போகப் போக எங்களுக்குப் பழகிவிட்டது. இரைச்சல் கேட்டால் மதுரன் போகிறான் என்று தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். லயத்தில் நமக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற ராக்காயி பெரியம்மா, பாக்டரி சங்கு கூட நேரம் தவறும், நம்ம பய தவறமாட்டான் என்று சொல்லுவார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை அதே இரைச்சல் கேட்டது. ஹோர்ன் கேட்கவில்லை. வேலாயி நிமிர்ந்தாள். ராக்காயி பெரியம்மா கொழுந்தில் இருந்து கையை எடுக்காமலே, ஓடாதீங்கடி, நம்ம மதுரன்தான், ஹோர்ன் அடிக்க மறந்துட்டான் என்றார். நாங்களும் திரும்பக் குனிந்து கொழுந்து எடுத்தோம். சத்தம் மேலே இருந்து வந்தது மகளே. ரோடு கீழே இருக்கிறது. அது எனக்கு உறைப்பதற்குள் வந்துவிட்டன. மேலே இருக்கிற மரத்துக் கூட்டில் ஒரு பருந்து மோதியதாகப் பிறகு சொன்னார்கள். எனக்குக் கையில் கொஞ்சம், வேலாயிக்குக் கழுத்தில், ராக்காயி பெரியம்மாவுக்குத்தான் முகம் முழுக்க. படங்கை எறிந்து அவரை மூடி அதன் மேலே நான் படுத்துக்கொண்டேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை வாசித்துவிட்டு அழாதே, எனக்கு வீக்கம் வற்றிவிட்டது.

தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வேண்டுமே, தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போய்விட்டது. மதுரனைத்தான் கூப்பிட்டோம். வந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தவன், என்ன நடந்தது என்று வேலாயி சொன்னதையும் கேட்டான். பெரியம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்திவிட்டுக் காரை எடுத்தான். போகிற வழியில் அடுத்த தோட்டத்துப் பெண்கள் எங்கள் சத்தத்தைக் கேட்டுப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு விழுவதை நான் ஜன்னலால் பார்த்தேன், அவனும் பார்த்தான். பெரியம்மாவின் உயிர் போய்வந்தது. ஆஸ்பத்திரியில் கண் இரண்டும் மூடிக் கிடந்தவர், நாங்கள் பார்க்கப் போனபோது கார் வருகிற சத்தத்தைக் கேட்டு, நர்சம்மா ஜன்னலைச் சாத்துங்க என்று கத்தினாராம். அன்றைக்கே லோஜனின் குழாயை அவனே கழற்றி எறிந்துவிட்டுத் தன் பழைய குழாயைப் பூட்டினான். வீட்டுக்கு வந்துவிட்ட பெரியம்மாவோ, அந்தப் பயல ஒண்ணும் சொல்லாதீங்க, என்னைக் காப்பாத்துனது அவன் காருதான் என்கிறார். அதைக் கேட்டபிறகுதான் அவனுக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

இறங்காமல் இருந்தது கொஞ்ச நாள்தான். கழற்றி வெளியே போட்டிருந்த நாளில் பழைய குழாய் மழையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும், அதில் எனக்கும் மறுப்பு இல்லை. லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் ஓடுகிறது அந்தக் கார்தானே. துருப்பிடிக்காது என்று றுமைஸும் சொல்வதால் டைட்டேனியமே வரட்டும். ஆனால் திரும்பவும் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டைட்டேனியம் குளவி மாதிரி இரையாதும்மா, சிங்கம் மாதிரி உறுமும் என்கிறான். சிங்கம் வந்தால் மட்டும் பொம்பளைகள் நின்று கொழுந்து பறிப்பார்களா என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவன் மலையில் ஏறியவன் இல்லை, உண்மையான குளவி இரைச்சலை அவன் காது கேட்டதே இல்லை. போனில் எத்தனை சைலன்சர் கேட்டு என்ன?

உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூட லீவில் என்னோடு மலைக்கு வந்து, குளவி கலைந்த அந்த நாளில், என் படங்குக்குள்ளே என்னைக் கட்டிக்கொண்டு கிடந்தாயே, உன் நெஞ்சு அடித்த அடி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. அதனால் படத்தைப் பார்த்து வாங்காதே, நிறத்தைப் பார்க்காதே, அவனிடமும் கேட்காதே. உள்ளே பஞ்சு அடைத்ததையே முதலில் பார். அந்தக் கடையில் இந்த மாதிரிக் காரில் பூட்டி முடுக்கிக் காட்டுவார்களாம், றுமைஸ் கூட்டிப்போவான். முடுக்கச் சொல்லிவிட்டு நீ கண்ணை மூடிக்கொண்டு நில். உன் கை தானாகத் தலையை மூடப் போனால் அந்தக் குழாயை அங்கேயே வைத்துவிடு, எவ்வளவு நீலமாக இருந்தாலும் சரி. கை சும்மா இருந்தால் வாங்கிக் கொடுத்துவிடு, இந்த மலை அதோடு பிழைத்துக்கொள்ளும்.

காலுறை போட்டுக்கொண்டு தூங்கு, கருவாட்டை நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பொரி. ஆத்தா உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். அப்பா உன்னை விசாரித்தார், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன், கேட்கவில்லை. ராக்காயி பெரியம்மாவும் விசாரிக்கச் சொன்னார். அவருடைய காது இன்னும் வீங்கித்தான் இருக்கிறதாம், அதனால் கடையில் தனக்காகவும் ஒருதரம் முடுக்கிக் கேட்கச் சொன்னார்.

உன் கையை நம்பி இருக்கிற அம்மா,
அ. வீரம்மா