அவர் திரும்பிப் போனது இதற்காக

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே கம்பெனியில் தகராறு. ஒரு லாட் முழுக்க டீ-ஷர்ட் கழுத்து கோணல். செக்கிங் டேபிளில் நான் நிறுத்திவிட்டேன். ஷிப்மென்ட் தவறிப்போய்விடும் என்று மேனேஜர் கத்தினார். கத்தட்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாமனார் வாசலிலேயே நிற்கிறார், கையில் ஒரு கடிதம். பட்டாளத்தில் இருந்து. என் வீட்டுக்காரர் அங்கே பழக்கி வைத்திருந்த நாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். அதை இங்கே வளர்க்கிறோம் என்று மாமா எழுதிக் கேட்டிருக்கிறார். சரி என்று பதில் வந்துவிட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

"கேட்டா வேண்டாம்பே கண்ணு."

ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மகனைக் கொடுத்துவிட்டு நாயை வாங்கிக்கொள்கிறாரா இந்த மனுசன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வந்துவிட்டது. கூட்டிவந்தவர் ஜெபக்குமார், அவரோடு ஒரே பிரிவில் இருந்தவர், தூத்துக்குடிப் பக்கம். லீவில் ஊருக்குப் போகும் வழியில் ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். மஞ்சள் லாப்ரடார். பெயர் டீனா, ஒன்பது வயது. இடது பின்னங்காலை இழுத்து நடக்கிறது. காதுக்குள் ஒரு நம்பர் பச்சை குத்தியிருக்கிறது.

"குண்டு மோந்து பாக்கிறதுல இவள மிஞ்ச ஆளில்ல மதினி. கண்டுபிடிச்சா குரைக்க மாட்டா. அப்படியே உக்காந்துருவா."

காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். என் அறை வாசல் வரை வந்து மோப்பம் பிடித்தது. அலமாரியில் அவருடைய சட்டைகள் இருக்கின்றன. கதவைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 19

அதற்குத் தெரிந்தது இந்தி. கம்பெனியில் பீகார், ஒடிசாப் பெண்களோடு வேலை செய்து எனக்கு வந்த இந்தி விரட்டுவதற்கு மட்டும்தான் உதவும். "பைட்டோ" என்றால் உட்காருகிறது. "ஹட்டோ" என்றால் ஒதுங்குகிறது. எனக்கு அவ்வளவு போதும்.

ஆகஸ்ட் 27

அலமாரியைத் திறந்து வைத்துவிட்டேன் போல. வந்து பார்த்தால் அவருடைய நீலச் சட்டை தரையில், அதன்மேல் நாய். விளக்குமாற்றால் அடித்தேன். குரைக்கவில்லை, கடிக்கவில்லை, ஓடவும் இல்லை.

ஆத்திரத்தில் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டேன். முட்டாள். அதில் மிச்சமிருந்த வாசமும் போச்சு.

செப்டம்பர் 3

பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் அக்கா தண்ணீர்க் குழாயில் யாரிடமோ சொல்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றே: "புருசன் போன ஊட்டுக்கு நாயைக் காவலுக்கு வெச்சிருக்காங்க."

குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜெபக்குமார் வேலைக்குத் திரும்பும் முன் வந்தார். இந்த முறை நானே உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு என்னதான் நடந்தது?

"அன்னைக்கும் டீனாதான் முன்னாடி போனா மதினி. பாதையில சட்டுன்னு உக்காந்துட்டா. அண்ணன் கையத் தூக்குனார். பின்னால வந்த நாங்க ஒம்போது பேரும் அப்படியே நின்னுட்டோம். நாலடி முன்னால குண்டு பொதைச்சிருந்தாங்க. பின்வாங்கும்போதுதான் மேலருந்து சுட ஆரம்பிச்சாங்க. ஓடி வந்து பாறைக்குப் பின்னால படுத்தோம். அண்ணனும் வந்துட்டார்."

"அவரும் வந்துட்டாரா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"டீனா கால்ல அடிபட்டு அங்கயே கெடந்தா. அண்ணன் திரும்பிப் போனார். போகாதீங்கண்ணேன்னு பெல்ட்டப் புடிச்சேன். உதறிட்டுப் போயிட்டார். அவளத் தூக்கி எங்க பக்கம் தள்ளி விட்டார். அப்பத்தான்…"

இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்தது 'எதிரிகளோடு நடந்த சண்டையில்' என்பது மட்டும். வந்துவிட்டாராம். பாறைக்குப் பின்னால். உயிரோடு.

"அவ இல்லாட்டி நாங்க ஒம்போது பேரும் போயிருப்போம் மதினி. எம்புள்ளைக்கு நான் இருந்திருக்க மாட்டேன்."

"எனக்கு அந்தப் பத்தாவது ஆளுதானுங்க வேணும்."

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் கண்ணு. சொன்னா அதை ஊட்டுக்குள்ள சேத்த மாட்டீன்னுட்டு…"

எழுந்து உள்ளே வந்துவிட்டேன். ஊட்டுல ஒருத்தி காத்துட்டு இருக்கறான்னு நெனைப்பே வரலியா உங்களுக்கு? ஒரு நாயிக்கு. ஒரு நாயிக்காக—

செப்டம்பர் 15

வேலைக்குப் போகவில்லை. கம்பெனிக்குப் போன்கூடப் பண்ணவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

செய்ததை எழுதிவிடுகிறேன்.

மாமா அவிநாசிக்குக் காய் வாங்கப் போயிருந்தார். நாயைப் பைபாஸ் வரை நடத்திக் கூட்டிப்போனேன். டீக்கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கிற பொட்டல். கயிற்றை அவிழ்த்தேன். "பைட்டோ" என்றேன். உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்தேன். நல்ல ஜாதி நாய், யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

மாமா வந்து கேட்டார். "கயித்தை அத்துட்டு ஓடிருச்சுங்க" என்றேன். கயிறு ஆணியில் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெயிலில் இறங்கி நடந்தார். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. ஒரு மணி நேரம் பொறுத்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்தேன். அவரைக் கூட்டிவர. அவரை மட்டும்.

பொட்டலில் அதே இடத்தில் நாய் இருந்தது. மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் அங்கே இருந்த லாரி நிழல் போய்விட்டது, அது நகரவில்லை. பக்கத்தில் மாமா குந்தியிருந்தார். டீக்கடை அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்களே காலைல உட்டுட்டுப் போனது? தண்ணி வெச்சனுங்க, நாக்கைக்கூட நீட்டுல. சோறு திங்கறவங்க செய்யற வேலைங்களா இது?"



மாமா கழுத்தைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. "சலோ" என்றேன், "ஆவோ" என்றேன். காதை மட்டும் அசைத்தது. உட்கார வைக்கத் தெரிந்த எனக்கு எழுப்பத் தெரியவில்லை.

ஜெபக்குமாருக்குப் போன் போட்டேன். செய்ததைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

"மத்ததெல்லாம் இந்திதான் மதினி. உக்காந்த எடத்துலருந்து எழுப்புறதுக்கு மட்டும் அண்ணன் உங்க ஊர்ப் பேச்சுல சொல்லுவார். 'வா சாமி, போலாம்'னு."

வா சாமி. அது அவர் என்னைக் கூப்பிடுற வார்த்தை. லீவில் வந்தால் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் வண்டியோடு நிற்பார். என்னைக் கண்டதும் முதல் வார்த்தை அதுதான். அதையும் இதுக்குக் குடுத்துட்டீங்களா?

அங்கே அதைச் சொல்ல அவருக்கு வேறு யார் இருந்தார்கள்?

வாயில் வர நேரமானது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத்தான் சொன்னேன். "வா சாமி. போலாம்."

எழுந்தது. இடது காலை ஊன்ற முடியாமல் சாய்ந்து, மறுபடி எழுந்தது. என் முழங்காலில் தலையை முட்டி நின்றது. அவர் குரல் இல்லை என்று அதற்குத் தெரியாதா என்ன. ஆனாலும் வந்தது.

மன்னிப்பெல்லாம் இல்லை. யாருக்கும் இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

விடிந்ததில் இருந்து வெடி. ஒவ்வொரு புகைக்கும் டீனா போய் உட்காருகிறாள். வாசலில், சன்னலடியில், பின்கட்டில். உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கிறாள். கண்டுபிடித்துக் கண்டுபிடித்துச் சொல்கிறாள், நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு வாய் ஓரம் நுரை தள்ளிவிட்டது. எல்லாக் கதவையும் சாத்தி என் அறையில் வைத்துக்கொண்டேன்.

சின்னாத்தாள் அக்காவின் மகன் வேண்டுமென்றே எங்கள் வாசலில் சரம் வைத்தான். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் அதன்மேல் ஊற்றினேன். நல்ல நாளும் அதுவுமாக நாசமாகப் போவாய் என்றாள் அக்கா. நானும் விடவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

நவம்பர் 2

மாமாவிடம் இன்றைக்குத்தான் பேசினேன். குழம்பில் உப்புப் போதுமா என்று.

நவம்பர் 17, திங்கள்

டீனாவுக்குக் கால் வீங்கிவிட்டது. போனில் லீவு கேட்டேன். நாய்க்கெல்லாம் லீவா என்று மேனேஜர் சிரித்தார். சிரிச்சு முடிங்க, நான் கிளம்பறேன் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு ஆட்டோ நிற்காமலே போனது. மூன்றாவது நின்றது. "கீழ படுக்க வெய்யுங்க, சீட்டு அழுக்காயிரும்" என்றார் டிரைவர்.

"அவளுக்குக் காலு மடங்காதுங்க. சீட்டுலதான் வருவா. நான் வேண்ணா கீழ உக்காந்துக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். சீட்டில் மாமா மடியில் தலை வைத்து அவள். காலடியில் நான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"காலுக்கு என்னங்க, லாரியில அடிபட்டுதுங்களா?"

"குண்டு பட்டதுங்க. பார்டர்ல, சண்டையில."

அதற்குப் பிறகு பள்ளம் பார்த்து, மெதுவாக ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"உங்க ஊட்டுல பட்டாளத்துல யாருங்க இருந்தாங்க?"

"ரெண்டு பேருங்க" என்றேன்.