தூதர் சித்திக்கு

நெய்வேலி,
3 ஜூன் 2024

அன்புள்ள சித்திக்கு,

சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகவே எழுதுகிறேன். பக்கத்து ஊர் வடக்குத்து பழனிவேல், எங்கள் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தவன், நீங்கள் தூதராக இருக்கும் நாட்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான். பாஸ்போர்ட் முதலாளி கையில். ஊருக்கு விடமாட்டேன் என்கிறார். அவன் அம்மா ராஜாம்பாள் நம் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து, “எம்புள்ள சோறு துன்னானா தெரியலயே சார்” என்று அழுகிறார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் நின்றால் எந்த ரோலர் பழுது என்று பார்த்து மாற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவேன். உங்களுக்கு ஒரு போன் போதாதா?

பாலா

8 ஜூன் 2024

அன்புள்ள பாலா,

ஒரு போன் போதுமென்றால் எனக்கு இத்தனை நரை எதுக்குடா? அந்த முதலாளி இங்கே பெரிய குடும்பம். தானே மனமிரங்கி அனுப்பியதாக இருக்க வேண்டும் அவருக்கு. நான் கேட்டது வெளியே தெரிந்தால் பிடிவாதம் வந்துவிடும். அவர் அண்ணன் வீட்டு விருந்தில் பேசியிருக்கிறேன். வியாழனன்று பழனியை அனுப்பிவிடுவார்கள். அதுவரை மூச்சு விடாதே. ராஜாம்பாளிடமும்தான்.

அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

பிரியா சித்தி

நெய்வேலி,
14 ஜூன் 2024

அன்புள்ள சித்திக்கு,

தப்பு என்னுடையது. ராஜாம்பாள் சாப்பிடாமல் கிடந்தார், தாங்காமல் சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில், “எங்க சித்தி ஒரே விருந்துல முடிச்சிட்டாங்க, வியாழக்கிழமை பழனி ரிலீஸ்” என்று போட்டேன். கைதட்டல் குவிந்தது. மறுநாள் அது டிவியில் முதலாளி பெயரோடு செய்தியாக ஓடியது. இப்போது பழனி மேல் திருட்டுப் பட்டம் கட்டிப் போலீசில் கொடுத்துவிட்டார்களாம். ஏதாவது செய்யுங்கள். என்னைத் திட்டுங்கள்.

பாலா

17 ஜூன் 2024

திரு. பாலகுமார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. திரு. பழனிவேல் தொடர்பான கோரிக்கை தூதரகத்தின் பரிசீலனையில் உள்ளது. இது குறித்த விவரங்களைத் தனிப்பட்ட கடிதங்களில் தெரிவிக்க இயலாது.

சண்முகப்பிரியா
இந்தியத் தூதர்

நெய்வேலி,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்திக்கு,

அப்படி எழுதலாமா என்றுகூடத் தெரியவில்லை.

பழனி வந்துவிட்டான். என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னான்: “ஒங்க சித்தி ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல உக்காந்துகினு இருந்தாங்க. டிவில வந்ததுக்கு மொதலாளி வூட்டுக்கே போயி மன்னிப்பு கேட்டாங்களாம். ஊர்ல சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினாங்க.”

உங்களைப் பதவிக்காலத்தின் பாதியிலேயே டெல்லிக்குத் திருப்பி அழைத்துவிட்டதாக அம்மா சொன்னார். காரணம் கேட்டால் அம்மாவின் முட்டிவலியைப் பற்றியே பேசினீர்களாம்.

ஆர்ச் கேட் பஸ் நிறுத்தத்தில், அத்தனை பேர் முன்னால், ராஜாம்பாள் எனக்கு மாலை போட்டார். “நீ வாட்ஸ்அப்புல போட்டு டிவில வந்ததாலதான் சார் எம்புள்ள வந்தான். பெரிய எடத்து ஆளுங்களை நம்பிகினு இருந்திருந்தா ஆவுமா?”

வாயைத் திறந்தேன். மூச்சு விடாதே என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் பேசாமல் நின்றேன் என்று சொல்ல ஆசை. இல்லை சித்தி, கழுத்தில் மாலையோடு உண்மையைச் சொல்லப் பயந்துதான் நின்றேன்.

இந்த ‘திரு.’ வேண்டாம். டேய் என்று திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பாலா