ரெண்டு நாள் பத்தியம்

ஆகஸ்ட் 7, வியாழன்.

சர்க்கரைக்குத் தொடர்ந்து காட்ட ஒரு டாக்டரைத் தேடி ஏறிய மூன்றாவது கிளினிக் இது. முதல் இரண்டு பேரும் வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை அளவை மட்டும் பார்த்து, "குட்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. மனைவி சாரதாவுக்குத்தான் திருப்தியில்லை.

இன்று, பெங்களூரில் நாங்கள் இருக்கும் விஜயநகரிலேயே ஒரு பெண் டாக்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் எடுத்து வரும்படி முன்பதிவின்போதே சொல்லியிருந்தார். வெறும் வயிற்று அளவு நார்மல், சராசரி எகிறியிருந்தது. இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"சார், டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் பத்தியமா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஹௌது, ஹௌது!" என்று கன்னடத்திலேயே ஆமாம் போட்டாள் சாரதா. "ரெண்டு நாள் ராகி முத்தே, வெறும் களி. ரத்தம் குடுத்த கையோட ஜிலேபி."

"எங்கப்பாவும் இப்படித்தான் சார். என்ன சாப்பிட்டாலும் சாப்பிடுங்க, என்கிட்ட மறைக்காதீங்க" என்றார் டாக்டர்.

திட்டியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். சாரதாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்: ராத்திரியில் பாதம் எரிகிறது. சாரதா சிரிப்பை நிறுத்திவிட்டாள். டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தை விரல் விரலாகப் பார்த்தார். இவர்தான் இனி என் டாக்டர்.

திரும்பும்போது ஜிலேபிக் கடையைத் தாண்டி ஸ்கூட்டரை விட்டேன். பின்னாலிருந்து சாரதா மெல்லக் கேட்டாள்: "ஒண்ணே ஒண்ணு, பாதி பாதி?"

அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.