நடு மரத்தின் வளைவு

மார்ச் 24, திங்கள்

பின் முற்றத்தில் மூன்று செரி மரங்களும் பூத்துவிட்டன. பேத்தி தயானி தன் அறைச் சுவரில் ஒட்டுவதற்கு மூன்றையும் வரைந்து தரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டுமாம். எனக்கு இடக்கண்ணை மட்டும்தான் தனியே மூட வரும். வலக்கண்ணால் அளந்தேன். முதல் மரம் முடிந்தது. கொஞ்சம் புகைபோல இருந்தாலும் பூ பூவாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

நடு மரம். மூன்று தாள் கிழித்துவிட்டேன். அடிமரம் வளைந்துகொண்டே வருகிறது.

மார்ச் 30, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து, சிநேகிதி அற்புதராணி என்னோடு வந்து முற்றத்து வாங்கில் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னடி, மரத்துக்குக் கூன் விழுந்திட்டுதோ?”

“அது அப்பிடித்தான் நிக்குது. வடிவாப் பார்.”

“வடிவாத்தான் பாக்கிறன். விளக்குமாத்துத் தடி மாதிரி நேரா நிக்குது. குடிச்சிட்டே கீறினனி?”

கோபித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பிறகு தனியே இறங்கிப் போனேன். வலக்கண்ணைக் கையால் பொத்தினேன். மரம் நேர். இடக்கண்ணைப் பொத்தினேன். நெளிந்தது. நடுவில் ஒரு கறை. கதவு நிலையும் அப்படியே நெளிந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இதை இங்கே மட்டும்தான் எழுதலாம். மாசியில் கண் டாக்குத்தரிடம் போனபோது, இடக்கண்ணால் அட்டையின் எழுத்துகளை மளமளவென்று வாசித்தேன். வலக்கண்ணுக்கும் அதே அட்டை. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் இருந்தால், இந்தக் கிழவிக்கு எழுத்துத் தெரியாது என்று நினைப்பார்களே? ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் பிரெஞ்சு எழுத்து இருபத்தாறையும் மெத்ரோ ரயில் நிலையப் பலகைகளைப் பார்த்து நானாகவே படித்தவள். முதல் கண்ணால் வாசித்தது மனப்பாடமாய் நின்றது. அதையே சொல்லிவிட்டேன்.

“த்ரே பியான்”, மிக நன்று, என்றாள் டாக்குத்தர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெருமை —

மகளிடம் இதை எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 3, வியாழன்

படத்தை றஜனியின் முன்னால் வைத்துச் சொன்னேன். முடிக்குமுன்பே என் மகள் அழுதுவிட்டாள்.

“அண்டைக்கே தெரியேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயம்மா.”

“எழுத்தறியாதவள் எண்டு நினைச்சிருப்பினம்.”

“நினைச்சா நினைக்கட்டும். கண் போனா அவையே தருவினம்?”

படத்தைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

றஜனி லீவு போட்டுக் கூட்டிப்போனாள். டாக்குத்தர் நான் வரைந்த மரத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு இயந்திரத்தில் கண்ணைப் பார்த்தாள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதாம். கண்ணுக்குள் ஊசி போட்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். போன பார்வை வரும் என்று சொல்ல முடியாதாம். மாசியிலேயே தெரிந்திருந்தால்? றஜனிதான் கேட்டாள். டாக்குத்தர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

ஏப்ரல் 9, புதன்

காற்று. முதல் ஊசி போட்ட கண் எரிகிறது. மூன்றாவது மரத்தை இன்னும் தொடவில்லை, அது பூவைக் கொட்டுகிறது. ஜன்னலில் நிற்பதைத் தவிர என்ன செய்ய? காற்றைப் பிடித்துவைக்க முடியுமா?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

அற்புதராணி குருத்தோலை கொண்டுவந்து தந்தாள். கூனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மே 9, வெள்ளி

இரண்டாவது ஊசிக்கு முன் அதே அட்டை. வலக்கண். மனப்பாடம் வாய்வரை வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு “தெரியேல்லை” என்றேன். அடுத்த வரி. தெரியேல்லை. அதற்கடுத்தது. தெரியேல்லை. றஜனி ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, வலக்கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மூன்றாவது மரத்தை வரைந்தேன். அடிமரம் நேராக வந்தது. மேலே இலைதான். பூ எங்கே என்று தயானி பிரெஞ்சில் கேட்டாள்.

பூவை மனப்பாடமாகவே போட்டிருக்கலாம். போடவில்லை.