கம்பிச் சன்னலுக்கு வெளியே நீண்ட கை

பிரசல்ஸ்,
செப்டம்பர் 1944

அன்பு மகள் ஹெர்மினுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், வீட்டுக்குக் கூரையும் இருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள். நீயும் காங்கோவில் அந்த ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடமாகச் செஞ்சிலுவைக்காரர்கள் கொடுத்த துண்டுத் தாளில் நலம், நலமா என்பதற்கு மேல் இடமில்லை. இன்று மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறேன்.

ஊர் விடுதலையானதை உங்கள் ரேடியோவில் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலேயர்களின் கவச வண்டிகள் காலையில் பிரான்சில் கிளம்பி, சாயங்காலம் இங்கே வந்துவிட்டன என்றால் பார்த்துக்கொள். அவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று ஜெர்மன்காரனும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. ஊரே தெருவில் ஆடியபோது நாங்கள் வீட்டுக்கு அடியில் நிலக்கரி அறைக்குள் அடைபட்டுக் கிடந்தோம். அன்று மதியம் ஓடிக்கொண்டிருந்த ஜெர்மன் படையில் ஒரு கூட்டம் நம் தெருவில் நின்றது. ரொட்டிக்கடை முனையில், சுவருக்குப் பின்னால், டாங்கியை உடைக்கும் பீரங்கி ஒன்றை நிறுத்தினார்கள். நம் வீட்டு மாடிச் சன்னலில் துப்பாக்கியோடு ஒருவன் ஏறி உட்கார்ந்தான். எங்களைக் கீழே தள்ளினான். தெருவில் நின்றிருந்த ஒருத்தியையும் பிடித்து எங்களோடு தள்ளி, கதவுக்குக் குறுக்கே நம் அலமாரியையே நகர்த்தி வைத்துவிட்டான். யார் தெரியுமா, பக்கத்து வீட்டு பெர்த்தா. சர்ச்சில் நீ முதல் நற்கருணை வாங்கியபோது போட்ட கவுனைத் தைத்தவள்தான். அவள் மகன் ரெனே ஜெர்மன் உடுப்பு மாட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போனது உனக்குத் தெரியாது. போன நாளிலிருந்து தெருவில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை. ஓடுகிற கூட்டத்தில் மகன் முகம் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அன்று நின்றிருக்கிறாள். அப்பா அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தப் பொம்பளையோட ஒரே காத்தை மூச்சு வாங்கணுமா என்றார், அவள் காதில் விழும்படியே.

நடைபாதை மட்டத்தில் கம்பி போட்ட சின்னச் சன்னல் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு உலகம். பகல் தேய்ந்தது, தூரத்தில் ஜனங்கள் ஆரவாரம் செய்வது கேட்டது, பாட்டுக் கேட்டது, அது கிட்டக் கிட்ட வந்தது. மாடியில் பூட்ஸ் நகரும் சத்தமும் கேட்டது. வருகிறவர்கள் பூ மாலையோடு நேராக அந்த பீரங்கி வாய்க்குள் வந்து விழப்போகிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் கத்தப் போனேன். அப்பா என் வாயைப் பொத்தினார். கத்தினா மேல இருக்கிறவன் ஒரு குண்டை உள்ள போட்டுடுவான் லெயோனி, மூணு பேரும் கரியோட கரியாப் போவோம் என்றார். முதல் வண்டியின் சக்கரம் தெரிந்தது. சட்டென்று பெர்த்தா நிலக்கரிக் குவியல் மேல் ஏறினாள், ஏப்ரனை அவிழ்த்தாள், தோள்வரை கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி வீசினாள். வண்டி நின்றது. வண்டி மேல் நின்ற கருப்புத் தொப்பிக்காரப் பையன் குனிந்து பார்த்தான், நேராக அவள் முகத்தையே பார்த்தான். அவள் விரலால் ரொட்டிக்கடை முனையைக் காட்டினாள். நம் மாடியிலிருந்து துப்பாக்கி வெடித்தது. அவள் முழங்கைச் சதை பிய்ந்துபோயிற்று, ஆனாலும் கையை உள்ளே இழுக்கவில்லை, வண்டி பின்வாங்குகிறவரை காட்டிக்கொண்டே இருந்தாள். பின்னால் வந்தவை மதுபான ஆலைச் சந்து வழியாகச் சுற்றிப் போய் பீரங்கியைப் பிடித்துவிட்டன. கொஞ்ச நேரம் சுட்டார்கள், பிறகு நம் மாடியிலும் சத்தமில்லை. அந்தப் பையன் சன்னலருகில் வந்து மண்டியிட்டு, கம்பி வழியாக அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். எங்களுக்கு அந்தப் பாஷை புரியவில்லை. யாரோ விசில் ஊதினார்கள், போய்விட்டான். அவர்களுக்கு எங்கேயும் நிற்க நேரமில்லை.

அலமாரியை நகர்த்திக் கதவைத் திறந்தது கறிக்கடை கமீலும் அவன் ஆட்களும். என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான், பின்னால் பெர்த்தாவைப் பார்த்ததும் முகம் மாறிப்போயிற்று. இவளை வெளிய விடுங்க மதாம், தலையை மழிச்சு ஊர்வலம் விடணும் என்றான். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கிறான். நீங்க ரொம்ப நல்லவங்க, அதான் பொய் சொல்லிக் காப்பாத்துறீங்க, அந்தக் காயம் அவ ஜெர்மன்காரன் பின்னாடி ஓடுறப்ப பட்டது என்கிறான். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அன்று திரும்பிப் போனார்கள். பிறகு தினமும் வருகிறார்கள். அவள் வீட்டுச் சன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை, இப்போது நம் வீட்டுக்கும் கல் வருகிறது. பெர்த்தா உன் அறையில்தான் இருக்கிறாள், கோபித்துக்கொள்ளாதே. தெரு முழுக்கக் கொடி பறக்கிறது, நாங்கள் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு சிக்கரிக் காப்பியைக் குடிக்கிறோம். ஜெர்மன்காரன் இருந்தபோதாவது நான் உருளைக்கிழங்கு வாங்கப் போனேன்.

நான் போறேன் மதாம், என்னால உங்களுக்கும் சங்கடம் என்று நேற்று அவள் கதவருகில் போய்விட்டாள். தடுத்தது நானில்லை, அப்பா. உட்காரும்மா என்றார். அவ்வளவுதான், அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. இன்று காலை தோட்டத்துக் குழாயை வெட்டிச் சைக்கிளுக்கு டயராகக் கட்டினார். அந்த வண்டிகள் லூவன் பக்கம் போயிருக்கின்றனவாம். அந்தப் பையனைக் கண்டுபிடித்து, அவன் வாயாலேயே கமீலுக்குச் சொல்ல வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்த வயசில், அந்த முழங்காலோடு. பெயர்கூடத் தெரியாது, கருப்புத் தொப்பி என்பதைத் தவிர. அவ்வளவு வேகமாக ஓடுகிறவர்களை இவர் எங்கே பிடிக்கப் போகிறார்.

இதை எழுதும்போது வெளியே மறுபடி சத்தம் கேட்கிறது. பெர்த்தா மாடியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்பா இன்னும் வரவில்லை.

கடவுள் உன்னை நோய் நொடி அண்டாமல் காக்கட்டும். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையை மறக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அங்கே யாராவது ஊர் விடுதலையான கதை கேட்டால், இந்தக் கையின் கதையைச் சொல். நீ சொன்னால் நம்புவார்கள்.

உன் அம்மா,
லெயோனி