கிட்டார் உடைந்த விதம் குறித்து

மகளுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்குவதே கடிதத்துக்கு முறை. இம்முறை அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். தொலைபேசியில் பேசினால் என் குரல் உயரும். நீ பாதியில் துண்டித்துவிடுவாய்.

உன் இசைத்தொகுப்போடு அச்சாகவிருக்கும் சிறுநூலின் மாதிரிப்படி என் பார்வைக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதன் மூன்றாம் பக்கத்தில், உடைந்த கிட்டாரின் படத்துக்குக் கீழே இவ்வாறு இருக்கிறது: ‘எனக்குப் பதினேழு வயதில், இசையே வேண்டாம் என்று சொல்லி, என் தந்தை ஆத்திரத்தில் என் கிட்டாரை அடித்து நொறுக்கினார். அந்தச் சிதறல்களிலிருந்து பிறந்தவை இந்தப் பாடல்கள்.’

விபத்து நடந்த இடத்துக்குப் போய், எது எப்படிச் சேதமானது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுவது முப்பது ஆண்டுகளாக என் தொழில். உன் மூன்றாம் பக்கத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

படத்தில் இருப்பது உன் கிட்டார் அல்ல. உன்னுடையதில் தந்தி முறுக்கும் திருகுகள் வெள்ளை. ஒரு திருகின் தலை கழன்று போனதால் உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்புப் பொத்தான் ஒன்றை எடுத்து அதில் ஒட்டியிருந்தாய். படத்தில் ஆறுமே கறுப்பு. தவிர, தரையில் ஓங்கி அடித்த கிட்டார் கழுத்தில் முறியும். உன்னுடையதற்குக் கழுத்து முறியவில்லை, வயிறு நசுங்கியது.

அந்த வாக்கியங்களும் உன்னுடையவை அல்ல என்று சந்தேகிக்கிறேன். எது உடைந்தாலும் ‘பீஸ் பீஸா போச்சு’ என்பவள் நீ. ‘சிதறல்கள்’ உன் வாயில் வராது. உன் அம்மா ‘ஹெட்போன் தம்பி’ என்று அழைக்கும் அந்த ஒலிப்பதிவாளரின் கைவண்ணமாகத்தான் இருக்க வேண்டும். போன வருடம் இணையத்தில் பலரிடம் பணம் திரட்ட நீங்கள் கூட்டுநிதிப் பக்கத்தைத் தொடங்கியபோது இந்தக் கதை அதில் இல்லை. ஸ்டுடியோ வாடகை, வயலின் வாசிப்பவருக்கான ஊதியம், இசைத்தட்டு அச்சிடும் செலவு என்று நேர்மையாக எழுதியிருந்தாய். குறித்த நாளுக்குள் இலக்கை எட்டாவிட்டால், சேர்ந்தது முழுவதும் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும் என்பது அந்தத் தளத்தின் விதி. ஆறு நாள் மிச்சமிருக்கையில் வசூல் பாதியில் நின்றுவிட்டது. அன்று மாலை கிட்டார் உடைத்த தந்தை முளைத்தார். மறுநாள் காலையிலிருந்து ஆதரவாளர்கள் குவிந்தார்கள். இப்படி வேளை பார்த்து வரும் கதைகளை நாங்கள் தனிக் கோப்பில் போடுவது வழக்கம்.

அந்தக் கதைக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “அக்கா, உங்கப்பன் மண்டையில ஒரு கிட்டாரைப் போட்டு உடைங்க, அதுக்கும் சேர்த்து நான் காசு தரேன்.” நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். நீ ஓர் இதயக் குறி இட்டிருந்தாய்.

என் அலுவலகக் கணக்கர் கைப்பேசியை என் மேசைக்கே கொண்டுவந்து நீட்டினார். “பாட்டு பிரமாதம் சார். அந்த அப்பன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…” என்றார். கிடைத்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். கைப்பேசியில் இருந்த உன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு அப்போதுதான் முகச்சாடை உறைத்தது. அன்றிலிருந்து என் தேநீரை அவரே கொண்டுவந்து வைக்கிறார். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இணையத்தில் எழுதியது நாளடைவில் கீழே போய்விடும் என்று எண்ணினேன். அச்சிட்டது அப்படிப் போகாது. ஆயிரம் வீடுகளில், ஆயிரம் அலமாரிகளில், நான் கிட்டாரைத் தூக்கி அடித்துக்கொண்டே இருப்பேன்.

மாதிரிப்படியை உன் அம்மாவிடம் காட்டி, இதில் எத்தனை பொய் என்று விளக்கினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: “அதெல்லாம் சரிங்க. உடைச்சது நீங்கதானே?” வண்டி ஏறியது, நான் உடைக்கவில்லை என்றேன். “வண்டி தானா ஓடிப் போய் ஏறுச்சாக்கும்! அன்னைக்கு அவ உங்களை ஒண்ணு கேட்டாளே, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் சொன்னீங்களா?” என்றாள். பிறகு என் சட்டையை மட்டும் மடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

நீ கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. “அப்பா, கண்ணாடில பார்த்தீங்களா, இல்லையா?” நான் சொன்னதும் நினைவிருக்கிறது. “வண்டிக்குப் பின்னாடி சாமான் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?” விசாரணையில் என் முன்னால் உட்காருபவர் கேள்விக்கு இன்னொரு கேள்வியைப் பதிலாகத் தந்தால், அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிடுவேன்.

என்னையும் அப்படியே உட்காரவைத்துக் கேட்டேன். பார்த்தேன். நடைபாதையில் நீ படுக்கவைத்திருந்த கறுப்பு உறை வலப்பக்கக் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தது. காலையில் உன் அறையைக் கடந்தபோது கிட்டார் கட்டிலில் கிடந்தது. அதனால் உறை காலி என்று முடிவு கட்டினேன். காலி உறைமேல் ஒருமுறை ஏற்றினால் இனி அங்கே வைக்கமாட்டாள் என்று பின்னால் எடுத்தேன். ஆறு தந்திகளும் ஒன்றாக அதிர்ந்த பிறகுதான் தெரிந்தது. பதினொரு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் பக்கத்தை நீக்கு என்று எழுதவே உட்கார்ந்தேன். நீக்க வேண்டாம், திருத்து. ‘ஆத்திரத்தில்’ என்பதை எடுத்துவிடு. ‘இசையே வேண்டாம் என்று சொல்லி’ என்பதையும் எடு. நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. வாசி என்றும் சொன்னதில்லை. இப்படிப் போடு: ‘என் தந்தை பார்த்துக்கொண்டே வண்டியை ஏற்றினார். உறை காலி என்று நினைத்தாராம்.’ நம்புவதும் நம்பாததும் உன் உரிமை. இந்த வாக்குமூலம் என் மேசைக்கு வந்திருந்தால் நானே இரண்டு முறை யோசித்திருப்பேன். படத்தையும் மாற்ற வேண்டும். உன் கிட்டாரின் நசுங்கிய பலகை என் அலுவலக அலமாரியில், துணி சுற்றி, அந்தப் பொத்தானோடு இருக்கிறது. படமெடுத்து அனுப்புகிறேன்.

மாதிரிப்படி வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்டு எல்லா ஆதரவாளர்களுக்கும் அதை அனுப்பினாய் அல்லவா? உன் பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக ‘ஒரு கேட்பவர்’ என்று இருக்கும். பக்கம் திறந்த இரண்டாம் நாளே சேர்ந்தவர். கதை முளைப்பதற்கு வெகு முன்பு. ‘நீங்க யாருன்னு தெரியல, ஆனா முன்னாடியே வந்து நின்னீங்க’ என்று அவருக்கு நீ எழுதிய நன்றிக் குறிப்பும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது.

பெயரை உறுதிசெய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் என்ன போடுவது என்பதை உன்னிடமே விடுகிறேன். இப்போதிருப்பதையே வைத்தாலும் எனக்குக் குறையில்லை.

ஆதரவாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய பாடல்களில் ஏழாவதில், இரண்டாம் சரணத்தில், உன் தொண்டை கட்டியிருக்கிறது. பலமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? வெந்நீர் குடி. நலமாக இரு, கண்ணே.

அன்புள்ள,
அப்பா