மச்சாள் பார்த்த ருசி

செப்டெம்பர் 14, சனி இரவு

இன்று கென்ட் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின், லண்டன் எட்மண்டனில் இருக்கும் அவர்களின் கடையை அவர் மனைவி, என் மச்சாள்தான் தனியே நடத்துகிறாள். பக்கத்தில் சூப்பர்மார்க்கெட் திறந்ததிலிருந்து வைன் வாங்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். அங்கே கிடைக்காத வைன் வேண்டுமென்று அவளே தேடிப் பிடித்த இடம் இது. கார் ஓட்டியதும் அவள்தான்.

"இருவது வருசமா வித்துப்போட்டு இப்பதான் குடிக்கப் போறாவாம்," என்று அண்ணை வழியெல்லாம் நக்கலடித்தார்.

"குடிக்கேல்லையப்பா, ருசி பாக்கப் போறன். என்னெண்டு தெரியாமல் சனத்துக்கு என்னத்தைச் சொல்லி விக்கிறது?"

மேசையில் ஆட்டுப்பால் சீஸும் வெள்ளை வைனும் வைத்தார்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்ப ஒரு வாளியும் இருந்தது. நான் கூச்சத்தில் விழுங்கிவிட்டேன். மச்சாள் ஒரு வாய் எடுத்தாள். சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள். துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், கன்னம் உப்பியபடி நின்றாள்.

அண்ணை இயங்கும் இடக்கையால் வாளியைத் தூக்கி அவள் முகத்தருகே பிடித்தார். "துப்பு, துப்பு. ஆர் பாத்தா எங்களுக்கென்ன?"

துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நெல்லிக்காய் திண்டிட்டுத் தண்ணி குடிச்ச மாதிரிக் கிடக்கு. இதைச் சொல்லி விக்க ஏலும்," என்றாள்.

ஆறு பெட்டி வாங்கியிருக்கிறாள். விற்குமோ, கடை நிற்குமோ தெரியாது. அண்ணை வாளியைக் கீழே வைக்கவேயில்லை. அடுத்த கிளாஸுக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.